ஒரே அலைவரிசையில் அத்தனை விசாரிப்பு

எண்பதுகளில் மதுரைப் பசுமலையில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. லைசென்ஸ் என் பெயரில். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி நான் நேரத்தை வீணாக்கியதில்லை. டி. கல்லுப்பட்டி, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று சுற்று வட்டாரத்திலும் சிலர் செட் வைத்திருந்தார்கள். தூரத்து ஊருக்கு என் குரல் எட்டாது. நடுவில் இருப்பவர் கேட்டு வாங்கி, மறுபடி சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக ஆள் சேரச் சேர, அவரவர் பேசும் நேரம் குறைந்ததே தவிர கூடவில்லை. இதில் எங்கள் ஊர் வழக்கம் வேறு. "சாப்டாச்சா?" என்று கேட்காமல் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். நடுவில் இருப்பவரும் அதையே கேட்பார். விசாரிப்பு முடிவதற்குள் விஷயம் ஆறிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் ஐப்பசி மழையில் டெலிபோன் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் என் தங்கைக்குப் பிரசவம். ரத்தம் வேண்டும் என்று, நடுவில் இருந்த செக்கானூரணிக்காரர் வழியாகச் செட்டில் தகவல் வந்தது. என்ன குரூப் என்று தெரிந்தால் மதுரையில் வாங்கிக்கொண்டு கிளம்ப, என் கணவர் ஜீப்போடு வாசலில் நின்றார். அந்த ஒரு சொல் மட்டும் வந்து சேரவில்லை. உதவுகிறேன் என்று எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் செட்டின் பவரைக் கூட்டி ஒரே நேரத்தில் பேசினார்கள். காதில் விழுந்தது வெறும் இரைச்சல்.

கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் கத்தினேன். "அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், எல்லாரும் வாயை மூடுங்க! செக்கானூரணி அண்ணன் மட்டும் பேசட்டும். கல்லுப்பட்டிக்காரங்க பேசணும்னா பவரைக் குறைச்சு, இங்க எட்டாம அங்குட்டே பேசிக்கங்க!"

அலைவரிசை அடங்கியது. அத்தனை பேரும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செக்கானூரணிக்காரர் விசாரிப்பே இல்லாமல் சொன்னார்: "ஓ நெகட்டிவ், தங்கச்சி. ஓ நெகட்டிவ்." ஜீப் கிளம்பியது.

மதியத்துக்கு மேல் மறுபடி அவர் குரல். "பொட்டப்புள்ள. ரத்தம் ஏத்தியாச்சு. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க." நான் அழுதுவிட்டேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, இப்பக் கேக்கலாமா? சாப்டாச்சா?"

"காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலண்ணே."

அவ்வளவுதான், எல்லா ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் பேசக் கிளம்பிவிட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் யாரையும் அதட்டவில்லை. செட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.