நூறு மீட்டருக்கு எத்தனை மார்க்?

போன அமாவாசையன்று மேல்மலையனூர்ப் பக்கமிருந்து செஞ்சிக்கு வந்த பஸ்ஸில் எனக்கு உட்காரக் கிடைத்தது ஒரு மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அந்த வழியில் ஒரு கிராமத்தில் நான் டீச்சர். டீச்சரை மூட்டைமேல் உட்கார வைப்பதா என்று கண்டக்டர் தயங்கினார். அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் நின்று நசுங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் அந்த வாசனை வந்தது. சாக்கு, செம்மண் புழுதி, காய்ந்தும் காயாத கொட்டை. எங்கள் நைனாவின் வாசனை அது.

நைனாவுக்கு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முதுகில் சாக்கு நெய்த வரி அப்படியே பதிந்திருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது தலை தானாகக் கொஞ்சம் நிமிர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பது எதுவும் நைனாவுக்குப் புரியாது, மார்க் ஒன்றைத் தவிர. மார்க் என்பது அவருக்கு எடை மாதிரி. கூடினால் நல்லது, குறைந்தால் எங்கேயோ ஓட்டை. என் மார்க்கை நான் வீட்டில் சொன்ன மறுநாள் மண்டி முழுக்கத் தெரிந்திருக்கும்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பெண்களுக்கும் நூறு மீட்டர் ஓட்டம் என்று டிரில் மாஸ்டர் அறிவித்தார். அதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும்தான். கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு பழம் விழாமல் நடப்பதில் எனக்கு எப்போதும் ஒரு அவமானம் இருந்தது. யார் ஓடுகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. மூளை அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

வீட்டில் அத்தை, அதாவது நைனாவின் அக்கா, விடுவாளா? தாவணி போட்ட பெண் ஊரே பார்க்க ஓடினால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஆரம்பித்தாள். நைனாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

என்னைக் காப்பாற்றியது என் இங்கிலீஷ். ஓட்டத்தை ஆரம்பிக்க என்ன சொல்வார்கள் என்று டிரில் மாஸ்டர் எங்களுக்குக் காட்டியிருந்தார். ‘ஆன் யுவர் மார்க்’ என்று கத்துவார், பிறகு ‘கெட் செட்’, பிறகு ‘கோ’. நானும் என் சிநேகிதி மைமூனும் அதை உட்கார்ந்து அர்த்தம் பண்ணினோம். கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். இங்கிலீஷில் என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்குகிறவள். சொல் சொல்லாகப் பிரித்ததும் அவள்தான்.

“ஆன்னா மேல. யுவர்னா உன்னோட. மார்க்குன்னா மார்க்கு. உன்னோட மார்க்கு மேல இன்னும் போடுவாங்கடி.”

இதில் எங்கே சந்தேகம் வரும்? இலக்கணப்படி பழுதே இல்லை. ஓடி வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“கணக்குல சேப்பாங்களா, தமிழ்ல சேப்பாங்களா?”

மொத்தத்தில் சேர்ப்பார்கள் என்று வெகு நிச்சயமாகச் சொன்னேன். நைனா திரும்பி, “மார்க்கு குடுக்கறாங்களாம்க்கா, ஓடட்டும்” என்றார். மறுநாள் மண்டியிலும் சொல்லிவிட்டார்.

பழகுவதற்கு எங்கள் செஞ்சிக் கோட்டைதான் இடம். சுள்ளி பொறுக்கப் போகிற சாக்கில் விடியற்காலையில் ராஜகிரி மலைப் படிகளில் ஏறி ஏறி ஓடினேன். சீத்தாப்பழ மரங்களில் பனி சொட்டிக்கொண்டிருக்கும். ராத்திரிக் குளிர் இறங்காத கற்படி உள்ளங்காலில் சில்லென்று இருக்கும். நெஞ்சு அடைத்துக்கொண்டாலும் எனக்கு ஒரே குதூகலம். ஒரு வாரம் கழித்து கல்யாண மகாலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் மைமூனுக்கு ஓடிக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“இன்னாடி படி ஏறுற மாரி ஓடற? இங்க ஏதுடி படி?”

முட்டி இரண்டும் மார்பைத் தொடுகிற மாதிரி தூக்கித் தூக்கி வைத்து ஓடியிருக்கிறேன். சமதரையில் ஓடவே எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு குரங்கு. என் இடுப்பில் முடிந்திருந்த மல்லாட்டையைப் பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு துரத்தியது. முட்டியாவது மார்பாவது! நான் பறந்தேன். முடிச்சை அவிழ்த்து வீசிவிட்டு மூச்சிரைக்க நின்றபோது, மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மைமூன், “இதான்டி ஓட்டம்” என்றாள். அவள் வீட்டில் அவளை ஓட விடவில்லை. அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. என் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே மடித்து ஊக்கு குத்தும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

விழா நாளன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கோட்டில் ஆறு பேர் நின்றோம். வேலியோரம் நைனா நின்றிருந்தார், மண்டியில் அரை நாள் சொல்லிவிட்டு, துவைத்த சட்டையோடு. டிரில் மாஸ்டர் ‘ஆன் யுவர் மார்க்’ என்று கத்தினார். மார்க் என்ற சொல் காதில் விழுந்ததும் நைனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்பதுபோல. நானும் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அதற்குள் ‘கோ’ போய்விட்டது. மற்ற ஐந்து பேரின் முதுகுதான் தெரிந்தது.

அப்புறம் ஓடினேன் பாருங்கள். காதில் காற்று ஊதியது. ஒருத்தியைத் தாண்டினேன், இன்னொருத்தியையும் தாண்டினேன். பாதியில் ஊக்கு பிடுங்கிக்கொண்டு பாவாடை இறங்கியது. ஒரு கையால் அதை அள்ளிப் பிடித்துக்கொண்டேன், ஆனால் நிற்கவில்லை. கூட்டம் சிரித்ததா கத்தியதா என்று தெரியவில்லை, எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். நான்காவதாகக் கோட்டைத் தாண்டினேன். தாண்டியும் நிற்கத் தெரியாமல் வேப்பமரம் வரைக்கும் ஓடினேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம், டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்த அன்றுகூட எனக்கு வந்ததில்லை.

திரும்பி வந்தபோது நைனா, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, டிரில் மாஸ்டர் முன்னால் நின்றிருந்தார்.

“சார், எம் பொண்ணுக்கு எத்தினி மார்க்கு?”

மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. மார்க் என்றால் நிற்கிற கோடுதான், ஓடுவதற்கெல்லாம் மார்க் கிடையாது, முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் டம்ளர் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். நைனா, “சரிங்க சார்” என்றார்.

வீடு வரைக்கும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. படிக்கிற பெண் ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறாரா? இனிமேல் ஓட்டம் கிடையாது என்பாரா? பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் சொல்லும் எதையுமே நம்பாமல் போய்விடுவாரா? அந்தக் கடைசிப் பயம்தான் எல்லாவற்றிலும் பெரிது. போதாததற்கு வழியில் மண்டி. எடை போடுகிற கோவிந்தசாமி தராசை விட்டுவிட்டு வாசலுக்கே வந்து, பொண்ணு எத்தனை மார்க் வாங்கியது என்று கேட்டார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நூறு.”

“நூத்துக்கு நூறா?”

“ஆமாம்பா. நூறு மீட்டரு. நடுவுல நிக்காம, ஒரு மீட்டரு கொறையாம ஓடிச்சு. அப்ப நூறுதான?”

கோவிந்தசாமி யோசித்தார். எடை போடுகிற ஆள், சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார். பிறகு, “கணக்கு சரியாத்தான் இருக்குது” என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் நைனா என் பக்கம் திரும்பாமலே, இருநூறு மீட்டர் ஓட்டம் என்று ஒன்று உண்டாமே, அது எந்த வருஷம் வைப்பார்கள் என்று கேட்டார்.

இருநூறும் ஓடினேன், அது வேறு கதை. அந்த மைதானம் இப்போது இல்லை. பெண் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள் என்று அதில் வரிசையாக வகுப்பறைகள் கட்டிவிட்டார்கள். வேப்பமரமும் போயிற்று. நான் ஓடி முடித்த இடத்தில் ஒன்பதாம் வகுப்பு நடக்கிறது. மைமூனின் கடைசித் தங்கை அங்கேதான் படிக்கிறாள். அக்காவைவிடக் கால் நீளம், நடப்பதே ஓட்டம் மாதிரி இருக்கும். அமாவாசையன்று பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தபோது, இந்த வருஷம் ஓடுகிறாயா என்று ஆசையாகக் கேட்டேன்.

“எங்கேக்கா ஓடறது?” என்றாள்.