வேங்கிக்கால் மாடியில் ஒரு தகைவிலான்

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுப் போய், குளிர் ஏறியிருந்த நாட்கள். கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் எங்கள் மகளை இழந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிறக்கும்போதே உயிரில்லை. வேங்கிக்கால் வீட்டில் நானும் மனைவியும் சாப்பாடு, மாத்திரை தவிர வேறெதையும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த வாரங்களில் கேமராவைத் தொடவே இல்லை. துணி காயப்போடப் போன அவள்தான் ஒரு காலையில் மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் மேல வாங்களேன்."

பதறிக்கொண்டு ஓடினேன். அவள் மின்கம்பியைக் காட்டினாள். குளிர்காலத்துக்கு வழக்கமாக வரும் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஓரத்துல இருக்கறதப் பாருங்க. இதுக்கு மட்டும் வால் கம்மி. பறக்கறப்ப முதுகுக்குக் கீழ வெள்ளையா தெரிஞ்சுது."

கேமராவை எடுத்துவந்தேன். அது எழும்பித் திரும்பியபோது அந்த வெள்ளை படத்தில் விழுந்தது. மாவட்டத்தின் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் நண்பருக்கு அனுப்பினேன். மாலையில் அவரே கூப்பிட்டார்.

"இது வடக்கேருந்து வர்ற வேற வகை தகைவிலான் சார். நம்ம மாவட்டத்துல யாரும் பதிவு பண்ணதில்ல. மொதல்ல பார்த்தது யாரு? பேர் போடணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியைப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பாப்பாவுக்கு வெச்சிருந்த பேரப் போடலாமா?"

பெண்ணாகப் பிறந்தால் வைக்கலாம் என்று ஐந்தாம் மாதத்திலேயே நாங்கள் முடிவுசெய்திருந்த பெயர். ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் கட்டிய அட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு, அம்மாவின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அப்படியே வாங்கிவந்து அப்படியே புதைத்தோம். மகளின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை.

நண்பருக்கு எங்கள் நிலைமை தெரியும்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பார்த்தவங்க பேர்தான் போட முடியும்."

"ஆமா, அவ பார்க்கலதான. என் பேரே போட்டுடுங்க" என்றாள்.

போனை வைத்ததும் மடித்த துணியில் முகம் புதைத்து அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் சொன்னேன். அதுவரை இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்திருந்தோம்.

அடுத்தடுத்த நாட்களிலும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். அந்தக் குருவி வரவில்லை. பதிவு வெளியானதும் நண்பர் போனுக்கு அனுப்பினார். அவள் வாங்கி, நிதானமாகப் படித்தாள்.

"எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. அவ்ளோ தூரம் தனியாவா வந்திருக்கும்?"