ஆற்றைக் காக்கும் நீலப் பனியன்

இன்று காலை எங்கள் செங்கல்பட்டு அடுக்ககத்து வாசலில் எல்லோரும் நீலப் பனியன் போட்டு நின்றோம். வடகிழக்கில், சாலையே இல்லாத காட்டில் ஓடும் ஓர் ஆற்றைக் காப்பாற்றும் தொண்டு நிறுவனத்துக்கு ஆதரவாம்.

நெஞ்சில் 'ஆறு என் தாய்' என்று எழுதியிருந்தது.

படம் எடுக்கும் நேரத்தில், எங்கள் செப்டிக் டேங்கை உறிஞ்சி முடித்த லாரி குறுக்கே வந்து நின்றது.

"எங்கப்பா கொண்டுபோய் ஊத்துற?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"எப்பவும் போற எடந்தான் அண்ணாத்த. பாலாத்துல."

பக்கத்தில் நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்த்தேன்.

"அதெல்லாம் நாம ஏன் சார் கேட்டுக்கிட்டு? கூப்பிட்டா உடனே வர்றது இவன் ஒருத்தன்தான்" என்றார். எல்லோரையும் சிரிக்கச் சொன்னார்.

டிரைவர் என் நெஞ்சைப் படித்தார்.

"எனக்கும் ஒண்ணு குடு அண்ணாத்த. இங்க டெய்லி ஆத்தாண்ட போறவன் நான் ஒருத்தன்தானே."

என்னுடையதையே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

கீழே போட்டிருக்கும் குழுப் படத்தில் வெற்றுடம்போடு நிற்பது நான்தான். லைக் போடுமுன், உங்கள் அடுக்ககத்து லாரி எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.