புள்ளிகளுக்குள் ஒரு எண்

நிறங்களின் பெயர்களில் மாதவிக்குச் சிறு வயதிலிருந்தே தகராறுதான். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மரத்தின் தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் அடித்துவிட்டு ஆசிரியையிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். "கவனம் பத்தல" என்றார்கள். அவளும் அதையே நம்பினாள். கலர் பென்சிலின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துப் பார்த்து வண்ணம் தீட்டப் பழகிக்கொண்டாள். துணிமணிகளை அம்மா புஷ்பவல்லியே எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வில் உயிரியலில் நல்ல மதிப்பெண் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கு முன் கிளினிக்கில் உடல் பரிசோதனை. தாதி ஒரு சிறு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, வண்ணப் புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டாள். வரிசையில் முன்னால் நின்ற பெண்கள் சத்தமாகச் சொன்ன எண்கள் மாதவியின் காதில் விழுந்திருந்தன. அவள் முறை வந்தபோது பாதிப் பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. கண்ணாடியின் பவர் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கேட்ட எண்களையே வரிசையாகச் சொன்னாள். தாதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தினமும் காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், சென்ட்ரலில் இறங்கிக் கல்லூரிக்கு நடை. படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. செல், நொதிகள், சவ்வு வழியாக நீர் எப்படிப் போகிறது வருகிறது என்பதெல்லாம் ஒருமுறை கேட்டாலே மனத்தில் நின்றது. ஆய்வகத்துக்குப் போனால்தான் சிக்கல். சர்க்கரை இருக்கிறதா என்று சோதிக்கும் குழாயைச் சூடாக்கினால் நீலம் மெல்ல மெல்லப் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாக மாறும் என்று பாடத்தில் இருந்தது. அவள் கண்ணுக்கு அது மங்கலான ஒன்று இன்னொரு மங்கலாக மாறியது, அவ்வளவுதான். ஜோடியாக வேலை செய்த சஹர் நல்ல பெண். "நீ பார்த்து எழுது லா, நான் கழுவி வைக்கிறேன்" என்று மாதவி சொல்லிவிடுவாள். சோம்பல் இல்லாத தோழி கிடைத்தாள் என்று சஹருக்கும் சந்தோஷம்.

இரண்டாம் பருவத்தில் மரபியல் வந்தது. நடத்தியவர் மிஸ் சீதாலெட்சுமி. ஒருநாள் அவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டம் நிறையப் புள்ளிகள். "என்ன நம்பர்?" என்றார்.

வகுப்பே ஒரே குரலில் "செவன்டி ஃபோர்!" என்றது.

மாதவியின் வாயில் "இருபத்தொன்று" வந்து நின்றது. இந்த முறை அவளுக்கு எண் தெளிவாகவே தெரிந்தது. உதட்டை மூடிக்கொண்டாள்.

"இதே படத்துல சிலருக்கு இருபத்தொன்னு தெரியும்," என்றார் மிஸ். "சிவப்பும் பச்சையும் அவங்களுக்குப் பிரிஞ்சு தெரியாது. அதுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆம்பளைங்களுக்கு ஒரே ஒரு எக்ஸ். அதுல கோளாறு இருந்தா தப்பிக்க வழியில்ல."

"அப்போ பொண்ணுங்களுக்கு வராதா மிஸ்?" என்று பின்னாலிருந்து தனேஷ் கேட்டான்.

"வரும், ஆனா ரொம்பக் குறைவு. அம்மாகிட்டயிருந்து வர்ற எக்ஸ், அப்பாகிட்டயிருந்து வர்ற எக்ஸ், ரெண்டுலயும் இருக்கணும். அப்பாவுக்கு இருக்கறதே ஒரு எக்ஸ்தானே? அதனால ஒரு பொண்ணுக்கு இது இருந்தா, அவ அப்பாவுக்கும் இருக்கு. அவரைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணக்கூட வேணாம்."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். மாதவியும் எழுதினாள்.

அவள் அப்பா ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். விடிவதற்கு முன் கிளம்பி, மேரு சாலையைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளியில் விடுவார். மதியம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். "ராதா அங்கிள்" என்றால் அந்தப் பக்கம் தெரியாத வீடு கிடையாது. விபத்து என்று ஒன்று அவர் பெயரில் இல்லை. ஆனால் பஸ் லைசன்ஸுக்கு நிறப் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்பது மாதவிக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காய்கறி வாங்க அப்பாவோடு பாசாருக்குப் போனாள். முன்பும் எத்தனையோ முறை போயிருக்கிறாள், இப்போதுதான் பார்த்தாள். தக்காளியை அவர் கண்ணால் பொறுக்கவில்லை, விரலால் அமுக்கிப் பொறுக்கினார். மிளகாய்க் கடையில் "பழமா காயா பார்த்துப் போடுங்க அக்கா" என்று கடைக்காரியிடமே விட்டுவிட்டார். திரும்பும்போது சாலையில் வேலை நடந்த இடத்தில் தற்காலிகமாக, சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரியும் ஒற்றை விளக்கு ஒன்றை நட்டிருந்தார்கள். மேலே கீழே என்று இடம் பிரிக்க முடியாத விளக்கு. அப்பா வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த லோரியை முந்தவிட்டு, அதன் பின்னாலேயே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் போனில் எடுத்து நீட்டினாள். "அப்பா, இதுல என்ன நம்பர் தெரியுது?"

அவர் ஒரு கணம் பார்த்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார். சற்று நேரத்தில் வாசலில் பஸ் கழுவும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அவரே அவளை ஸ்டேஷனில் விட வந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட காலி பஸ். இன்ஜினை நிறுத்தாமல், முன்னால் பார்த்தபடியே கேட்டார். "உனக்கும் இருக்கா?"

"இருக்குப்பா."

"பொம்பளைப் புள்ளைக்கு வராதுன்னு சொன்னாங்களே."

"உங்களுக்கு இருந்தா வரும்."

அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "லைசன் எடுக்கறப்போ எனக்கு முன்னாடி போன கூட்டாளி நம்பரெல்லாம் சொல்லிக் கொடுத்தான். மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. வெளிய தெரிஞ்சா பஸ் போச்சும்மா. எனக்கு வேற என்ன தெரியும்?"

"லேப்ல எனக்கு எதுவும் தெரிய மாட்டேங்குதுப்பா. எப்படிச் சமாளிக்கிறதுன்னே தெரியல."

"கொஞ்ச நாள் பொறுத்துக்க. யார்கிட்டயும் சொல்லாத. நான் இத்தனை வருஷம் ஓட்டலயா?"

அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள். ரயிலில் நின்றுகொண்டே யோசித்தாள். தனக்கு இருக்கிறது என்று வாய் திறந்தால் அப்பாவையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். திறக்காமல் இருந்தால் நாளைக்கு ஏதோ ஒரு மருத்துவமனையில் யாரோ ஒருவரின் ரத்தத்தைத் தவறாகப் படிப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்தே இருந்தது. அதன் பிறகு காலையில் அப்பா பஸ்ஸை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். இருக்கைகளில் சாய்ந்து தூங்கும் பிள்ளைகளின் முகங்கள் கண்ணுக்குள் வரும்.

உடலியங்கியல் பாடம் தொடங்கியது. ரத்த அணுக்களைக் கண்ணாடித் துண்டில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சாயத்தை நம்பாமல், உட்கருவின் வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடித்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். மிஸ் சீதாலெட்சுமி எல்லார் முன்னாலும் பாராட்டினார். மாதவிக்கு அழுகை வந்தது.

பருவத்தின் இறுதியில் செய்முறைத் தேர்வு. ஜோடி கிடையாது. மேசைக்கு மேசை சிறுநீர் மாதிரிகள், பக்கத்தில் காகிதப் பட்டைகள். பட்டையை நனைத்து, மாறும் நிறத்தை டப்பாவின் மேலிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் அவளுக்கு அக்காள் தங்கை போலத் தெரிந்தன. குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் மிஸ் அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

"மூணாவது மாதிரியில நான் வேணும்னே நிறைய ரத்தம் கலந்து வச்சிருந்தேன். நீ இல்லைன்னு எழுதியிருக்க. படிக்காத பொண்ணா இருந்தா விட்டுடுவேன். அது நெசமான ஒரு ஆளோடதா இருந்தா என்னாகியிருக்கும் மாதவி?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எனக்கு இருபத்தொன்னு தெரிஞ்சது மிஸ்," என்றாள்.

மிஸ்ஸுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. பிறகு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஆறுதலாகத்தான் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் புருவம் சுருங்கியது. மரபியல் நடத்தியவர் அல்லவா? "அப்பா என்ன வேலை செய்றாரு?" என்றார்.

"எனக்கு அப்பா இல்ல மிஸ்."

யோசித்துச் சொன்னதில்லை அது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கவும் வழியில்லை. மிஸ் "ஐ ஆம் சாரி" என்றார்.

இந்தப் படிப்பைத் தொடர முடியாது, ஆனால் அதே கல்லூரியில் பிசியோதெரபிக்கு மாறலாம், அங்கே நிறம் பார்க்கும் வேலை இல்லை என்று மிஸ்ஸே அலைந்து ஏற்பாடு செய்தார். வீட்டிலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார். "அம்மாகிட்ட அந்தப் படிப்பு ஒத்துவரலன்னு மட்டும் சொல்லு," என்று அப்பா ஒதுங்கிக்கொள்ள, புஷ்பவல்லி விவரம் எதுவும் தெரியாமலே மகளோடு போனாள். அப்பா காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"தனியா நின்னு பிள்ளைய வளர்த்திருக்கீங்க, கஷ்டம்தான்" என்று மிஸ் பரிவோடு ஆரம்பித்தார்.

புஷ்பவல்லி மகளைப் பார்த்தாள். மாதவி தரையைப் பார்த்தாள். மிஸ்ஸின் கண்கள் புஷ்பவல்லியின் நெற்றியில் இருந்த குங்குமத்துக்கும், கழுத்துத் தாலிச் சரட்டுக்கும் போய்த் திரும்பின.

"கஷ்டம்தான் டீச்சர்," என்றாள் புஷ்பவல்லி கடைசியில்.

மிஸ் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மாற்றத்துக்கான ஏற்பாடுகளை மட்டும் சொல்லி, வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார். மாதவியின் தோளில் அவர் வைத்த கை வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தது.

காரில் ஏறியதும் புஷ்பவல்லி வெடித்தாள். "உங்களைச் செத்துப் போயிட்டீங்கன்னு சொல்லி வச்சிருக்கா உங்க மக! நானும் வாயைப் பொத்திக்கிட்டு ஆமான்னுட்டு வந்திருக்கேன். என்னதான் நடக்குது ரெண்டு பேருக்கும்?"

பெடரல் நெடுஞ்சாலையில் போகப் போக மாதவி எல்லாவற்றையும் சொன்னாள். ராதாகிருஷ்ணன் குறுக்கிடவே இல்லை. ஷா ஆலமைத் தாண்டிய பிறகு, "நான் இருந்தும் இல்லாதவனாதானே ஆயிட்டேன்" என்றார் மெதுவாக. மாதவி "அப்பா" என்றாள்.

அந்த ஆண்டு பள்ளி முடிந்ததும் அவர் பஸ்ஸை விற்றுவிட்டார். பெற்றோர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். முதுகுவலி, உட்கார்ந்து ஓட்ட முடியவில்லை என்றார். பக்கத்தில் ஒரு கிடங்கில் காவலுக்கு ஜாகா வேலை கிடைத்தது. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் லோரிகளுக்குச் சங்கிலியை அவிழ்த்துவிடுவார்.

மாதவிக்குக் காலையில் தூக்கம் திரும்பியது. ஆனால் விழித்ததும், வீட்டு முன்னால் பஸ் நின்ற இடம் காலியாகக் கிடப்பது கண்ணில் படும். அப்பா அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருப்பாள்.

தீபாவளிக்குப் பெரியம்மா மலர் சுங்கை பூலோவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, "என்ன தம்பி, வீட்டுலயே பிசியோவ வச்சுக்கிட்டு இன்னும் முதுகுவலிங்கிறீங்க?" என்றார் பெரியம்மா. "ஏய் மாதவி, அப்பாவுக்குப் பார்த்து விடு. படிச்சதைக் காட்டு, நாங்களும் பார்க்கிறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தப்பிக்க வழியில்லை. ராதாகிருஷ்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தார். மாதவி பக்கத்தில் மண்டியிட்டு, முதுகெலும்பின் இருபக்கத் தசைகளிலும் கட்டைவிரல்களை வைத்து மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வந்தாள். எங்கும் இறுக்கமில்லை. நல்ல திடமான முதுகு.

"இங்க வலிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அவர், முகத்தைப் பாயில் புதைத்தபடி. "அங்கதான்."