மெல்லிய பலகைக்கு மேலே ஒரு பிள்ளை

வியாழக்கிழமை காலை தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். கீழ் டிவிசன் காவல்காரர் சுப்பையா ஓடிவந்து வாசலில் நின்றார். "டாக்டரையா, மருத்துவச்சியம்மா குறுக்குப் பாதையில விழுந்து கெடக்குறாங்க. கூப்புட்டா பேச மாட்டேங்கிறாங்க." பிரசவம் பார்க்கப் போனால் மருத்துவச்சி பரமேசுவரி அக்கா சாப்பாட்டை மறந்துவிடுவார், பசி மயக்கமாக இருக்கும் என்று குளுக்கோசை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையைப் பிடித்தேன். நாடி இல்லை. மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தேன். பிறகு சுப்பையாவிடம், "உங்க கையக் குடுங்க" என்று வாங்கி அவர் நாடியைப் பார்த்தேன். அது அடித்துக்கொண்டிருந்தது. என் விரலில் பிழையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று காலைதான் என்னைத் திட்டிவிட்டுப் போனார். "தம்பி, கேத்தில் தண்ணி கொதிக்க முந்தி இறக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" திட்டின வாய் திரும்பி வரவில்லை. பெரகலைச் சந்தியிலும் பூனாகலையிலும் அவரை அறிந்தவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "அம்மாவுக்கு என்னங்க வருத்தம்?" ஒரு நோயும் இல்லை. ஒரு தலைவலி கூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பரமேசுவரி அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியாக வந்தவர். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஓர் அடுப்பு, அப்புறம் நான். மருந்து கலக்குகிறவனையும் டாக்டரையா ஆக்கிவிடுகிற ஊர் இது. வந்த சில நாளிலேயே அக்கா சொன்னார்: "இந்த மலையில குளிர்தான் முதல் வருத்தம். மற்றதெல்லாம் பிறகு." மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளை இங்கே குளிர்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். லாச்சிகள், அதாவது இழுப்பறைகள், வைத்த பழைய அலுமாரி ஒன்றை யாரும் சீந்தவில்லை. அக்கா போய்க் கேட்டு வாங்கி வந்தார். சேலை அடுக்கத்தான் என்று நினைத்தேன். அவர் நடுவில் இருந்த இரண்டு லாச்சிகளையும் பாதிக்கு இழுத்தார். கீழ் லாச்சியில் சுடுதண்ணீர் நிரப்பிய சாராயப் போத்தல்களைத் துணி சுற்றி அடுக்கினார். மேல் லாச்சியில் பஞ்சு பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினார். நடுவே மெல்லிய அடிப்பலகை ஒன்றுதான். சூடு அதன் வழியே இதமாக ஏறியது. அலுமாரி முன்னால் கவிழாமலிருக்க மேலே பின்னோரத்தில் என் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டார். அதன் பிறகு எனக்கு அரைத்த தேங்காய்ச் சம்பல் இல்லை.

மேற்பார்வைக்கு வந்த பெரிய டாக்டர் ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன இது, பிள்ளையை லாச்சிக்குள்ள பூட்டி வைக்கிறீங்களா?" அக்கா கொஞ்சமும் அசையவில்லை. "பூட்டேல்லை ஐயா. திறப்பு எப்பவோ துலைஞ்சு போச்சு." சாவியே இல்லை என்றதும் டாக்டர் சிரித்துவிட்டார். போகும்போது பஞ்சு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார்.

மழைக்காலம் ஒன்றில் செல்லாயிக்கு ஏழு மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை இழந்தவள் அவள். பிள்ளையைக் கிடத்தப் போனால் லாச்சியின் அடிப்பலகை ஈரத்தில் உளுத்து, நீளமாக வெடித்துத் தொங்கியது. ஆசாரி மாரிமுத்துவை அழைத்தோம். அவர் நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். பிள்ளைக்கான வேலை என்றதும் தன் வீட்டுக்கு வைத்திருந்த கனமான பலகையையே கொண்டுவந்து, அடியில் அறைந்து கொடுத்தார். யானை நின்றாலும் தாங்கும்.

அன்று பின்னேரம் அக்கா பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். போத்தல்கள் கொதித்தன, பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது. "ஆசாரி, உதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"புள்ள படுக்குற எடமாச்சேம்மா. ஒடஞ்சுறக் கூடாதுன்னு..."

"மூண்டு றாத்தல் பிள்ளை அது. கொழுந்து மூட்டையில்லை. மெல்லிசா வேணும், இப்ப வேணும்."

அக்கா பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்துச் சேலையால் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். ஆசாரி மழையில் தேயிலை ஸ்டோருக்கு ஓடி, உடைந்த தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையைக் கொண்டுவந்தார். தடித்த பலகையைப் பெயர்த்தார். லாச்சியின் உட்பக்கம் ஓடும் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய சிம்புகளைச் சுரண்டினார். புதுப் பலகையை அளவாய் அறுத்து, விளிம்பில் மெழுகுதிரி தேய்த்து, பின்பக்கத்திலிருந்து பள்ளத்தில் செருகித் தள்ளினார். மூடுபனியில் மரம் ஊதும் என்பதால் பசை போடாமல் பின்னால் மட்டும் ஆணி அடித்தார். செல்லாயி மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று பயந்தாளாம், பிறகு சொன்னாள்.

பிள்ளை பிழைத்தது. அந்த லாச்சியில் அதன் பிறகும் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்துசேர்ந்து, சனிக்கிழமை எரித்தோம். சிதை மூண்ட பிறகும் நான் அக்கா வருகிற பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவாக ஏதாவது வேண்டுமா என்று அவர் தங்கை கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேற்று எங்கள் தோட்டத்து முத்தம்மா இடுப்பு வலியோடு வந்து இறங்கினாள். வெலிமடைப் பக்கம் தாய் வீட்டில் இருந்தவள், செய்தி தெரியாது. மாதம் இன்னும் நிறையவில்லை. "அம்மா எங்கங்க?" என்று கேட்டாள். "கீழ் டிவிசனுக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அம்மா வந்துவிடுவார் என்ற தெம்பில் அவள் பெற்றெடுத்தாள். பூனைக்குட்டியளவு பெண் பிள்ளை. நானே போத்தல்களை நிரப்பினேன். பிள்ளை சூடாக இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்து அறையில் அழுகிறது.

பிள்ளை பெற்றவளிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர் லயத்துப் பெண்கள் கஞ்சி கொண்டுவருகிறார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. முத்தம்மா மட்டும் கதவைப் பார்த்தபடி, "அம்மா வரட்டும், அவங்கதான் பேரு வைக்கணும்" என்கிறாள். இந்த மலையில் அக்கா இன்னும் உயிரோடு இருப்பது அந்த ஒருத்திக்குத்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அது ஒன்றுதான். முடிந்தவரை அதை விடமாட்டேன்.