செங்கேணியின் வயது

செங்கேணியைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒளிப்பானேன்? அவள் என் ஓரகத்தி. என் தாய்மாமனின் மூத்த மகனை அவள் கட்டினாள், இளையவனை நான் கட்டினேன். நடவுக்குப் போனால் எல்லாருக்கும் அவள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அவள் சிரித்தால் ஊரே சேர்ந்து சிரிக்கும். நான் சிரித்தால், "சொக்கம்மாளுக்கு இன்னா ஆச்சு?" என்பார்கள்.

ஆதாருக்குப் போட்டோ எடுக்க இருவரும் ஒன்றாகத்தான் போனோம். எங்களுக்கெல்லாம் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வாயில் வந்ததுதான் வயது. முதியோர் பணம் சீக்கிரம் வரட்டும் என்று நான் ஏழு வயது கூட்டிச் சொன்னேன். அவள் தலைக்கு டை அடிக்கிற மகராசி, ஐந்து குறைத்துச் சொன்னாள்.

கொரோனா வந்தது. உத்திரமேரூர் பஸ் நின்றது. என் மகன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் ரேஷன் அரிசி மட்டும்தான். அப்போதுதான் நூறு நாள் வேலையை மறுபடி திறந்தார்கள். ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர்வாரி, கரையில் பனங்கொட்டை நட வேண்டும்.

"நோய் வந்துச்சுன்னு நாட்டு வளர்ச்சி நிக்கக் கூடாதும்மா. இந்தத் தண்ணி பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் வேணும்" என்றார் ஊராட்சிச் செயலர். கூடவே ஒரு குண்டையும் போட்டார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வரக் கூடாது, அவர்களைத்தான் நோய் சீக்கிரம் பிடிக்குமாம்.

எனக்கு நிஜத்தில் ஐம்பது, அட்டையில் ஐம்பத்தேழு. செங்கேணிக்கு நிஜத்தில் ஐம்பத்தாறு, அட்டையில் ஐம்பத்தொன்று. நான் வீட்டில், அவள் ஏரியில்! மாஸ்க்குக்கு மேலே கண்ணுக்கு மை வேறு. மண்வெட்டியோடு தினமும் என் வாசலைத் தாண்டித்தான் போவாள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் நேராகக் கரைக்கே போய்விட்டேன்.

"என்னைக் கெயவின்னு தள்ளிட்டு இவளை வச்சிக்கினு கீறீங்களே சார், இன்னா நியாயம் இது? நான் வயசுக்கு வந்தப்போ மாமன் வூட்டுச் சீர்த்தட்டைத் தூக்கிக்கினு வந்தவளே இவதான். அப்பவே இவ இடுப்புல புள்ள!"

வேலை அப்படியே நின்றது. செயலர் செங்கேணியைப் பார்த்தார். 'பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேச்சைத்தான் எல்லாரும் நம்புவார்கள்.

"ஆமா சார்" என்றாள் செங்கேணி. "அவ என்னைவிட ஆறு வயசு சின்னவ. அவ வூட்ல அடுப்பு எரியறதே கஷ்டமா கீது. என் எடத்துல அவளைச் சேத்துக்குங்க."

செயலர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க அட்டையை நான் மாத்த முடியாதும்மா. உங்க வயசை நீங்களே எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்க. இனிமே உங்களையும் எடுக்க முடியாது. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

கரை வழியே தள்ளித் தள்ளி நடந்தோம். அவள் திட்டுவாள், நானும் நாலு வார்த்தை விடலாம் என்று காத்திருந்தேன். "வாடி கெயவி" என்று சிரித்தாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவள் வாசலில் கூட்டம். சமூக இடைவெளியாவது, மண்ணாவது! "ஐயோ பாவம், இருந்த வேலையும் போச்சே" என்று ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், இன்னொருத்தி மோர் கொண்டுவந்தாள். எனக்கும்தான் வேலை இல்லை. என் வாசலை ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்த அந்த 'ஐயோ பாவ'த்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.