உட்காருகிற உத்தியோகம்

சுயம்புலிங்கத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வேலைகள்தான். ஒன்று நிற்கிற வேலை, இன்னொன்று உட்காருகிற வேலை. சம்பளம், பதவி, படிப்பெல்லாம் அதற்கு அப்புறம். பேங்க் மேனேஜரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் அவர் கணக்கில் ஒரே ரகம்; இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் ரயிலேறி வந்தவர். தி.நகரில் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவரின் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில், வந்த அன்றைக்கு நின்றார். இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். இதற்கிடையில் கடை ஒரு மாடியிலிருந்து ஆறு மாடியாக வளர்ந்தது. அவருடைய கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் புழுக்களாகச் சுருண்டு வெளியே வந்தன. இரண்டுமே தன் உழைப்பில் வந்தவை என்பதுபோல இரண்டைப் பற்றியும் ஒரே குரலில் பேசுவார்.

"எம் மவ உக்காந்துதான் வேல பாக்கணும்" என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

மகள் ஷண்முகப்ரியா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. வேதியியல். கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆதம்பாக்கத்து வாடகை வீட்டிலிருந்து காலையில் இஸ்திரி போட்ட சுடிதாரோடு கிளம்பி, மத்தியானம் கசங்கித் திரும்புவதே அவள் உத்தியோகமாக இருந்தது.

மயிலாப்பூரில் சுப்பராமன் என்று ஓர் ஆடிட்டர், கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்ற ஆள் கேட்டிருந்தார். "உங்காத்துல வேற யாராவது டிகிரி படிச்சிருக்காளா?" என்று கேட்டார். "இல்ல சார், நான்தான் முதல்." "பேஷ், பேஷ்!" என்று மனமாரப் பாராட்டினார். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்பெனியில், நேர்காணல் எடுத்த பெண், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். "டெக்ஸ்டைல்ஸ்" என்றாள் ப்ரியா. "ஓ, பிசினஸா?" என்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ப்ரியா இல்லை என்று சொல்லவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை. வீடு வரும்வரை பஸ் ஜன்னல் கம்பியை நெரித்துக்கொண்டே வந்தாள். கோபம் அந்தப் பெண் மேலா, அப்பா மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் பூசிக்கொள்கிற அளவுக்கு அது நிறையவே இருந்தது.

அப்படி இருக்கையில்தான் கொட்டிவாக்கத்தில் குடிநீரைச் சோதிக்கிற சின்ன லேப் ஒன்றில் கூப்பிட்டார்கள். அதை நடத்திய அனன்யா சுற்றி வளைக்கவில்லை.

"அடுக்குமாடி அடுக்குமாடியாப் போய் சாம்பிள் எடுக்கணும். நாள் முழுக்க நடை. மொட்டை மாடித் தொட்டி மேல ஏறணும். செக்யூரிட்டி உள்ள விடமாட்டான், சண்டை போடணும். முடியுமா?"

"சண்டை போட முடியும் மேடம்" என்றாள் ப்ரியா.

அனன்யா சிரித்துவிட்டு, போர்வெல் தண்ணீர் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஏன் பழுப்பாகிறது என்று கேட்டாள். ஒரு வருடத்தில் ப்ரியாவிடம் அவள் படித்த பாடத்தைக் கேட்ட முதல் ஆள் அனன்யாதான். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது என்று ப்ரியா சொல்லச் சொல்ல, அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "முதல் தேதி வந்துடுங்க" என்றாள் அனன்யா.

வீட்டில் சொன்னபோது சுயம்புலிங்கம் சோற்றுக் கையை உதறினார்.

"பாட்டில்ல தண்ணி புடிக்கவா உன்னப் படிக்க வச்சேன்? நான் நிக்குதேன், நீ அலையப் போறியா? அண்ணாச்சிகிட்ட சொல்லியாச்சி. நம்ம கடையிலயே உனக்கு வேல. ஏ.சி. ரூமு. சுத்துற சேரு."

"யாரக் கேட்டு சொன்ன?"

"தட்டு வச்சிட்டேன்ட்டி."

வெற்றிலை பாக்கும் இரண்டு சீப்புப் பழமும் தட்டில் வைத்து, ஒருவர் நீட்டி மற்றவர் வாங்கிவிட்டால் அவர்கள் ஆட்களிடம் அது முடிந்த பேச்சு. கல்யாணம் நிச்சயம் செய்வதும் அப்படித்தான், கடையில் ஆள் சேர்ப்பதும் அப்படித்தான். அதிலிருந்து பின்வாங்கினால் போவது மகள் பேச்சு அல்ல, அப்பன் மானம்.

"என்னக் கேக்காம தட்டு வைக்க நான் என்ன மூட்டையா?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது. அம்மா இசக்கியம்மாள் வந்து, சுயம்புலிங்கத்தின் வேட்டியைக் கணுக்காலிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள், அவ்வளவுதான்.

அந்தக் காலைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன் என்று ப்ரியா பிறகு தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை. வெயிலில் கசங்கி அலுத்திருந்த அவளுக்கும் அந்தச் சுற்றுகிற நாற்காலி வேண்டியிருந்தது. அனன்யாவுக்கு போன் செய்து, வீட்டில் பிரச்சினை, கொஞ்ச நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டாள்.

நாற்காலி நிஜமாகவே சுற்றியது. அறை ஆறாவது மாடியில். சுவர் முழுக்கக் கேமராத் திரைகள், மேஜையில் ஒரு மைக். அண்ணாச்சியின் மகன் ராம்குமார் வேலையை விளக்கினான். எம்.பி.ஏ. படித்தவன், யாரையும் ஒருமையில் பேசாதவன்.

"ஸ்டாஃப் உக்கார சீட் போடணும்னு சட்டம் வந்துடுச்சு. போட்டாச்சு, பாருங்க, கவுண்டருக்கு ஒரு ஸ்டூல். ஆனா ஆளு உக்காந்திருந்தா கடை தூங்கற மாதிரி தெரியும் ப்ரியா. யாராவது உக்காந்தா மைக்ல அவங்க ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க. பேர் வேண்டாம். 'முப்பத்தாறு, கவுண்டரைக் கவனிக்கவும்.' அவ்வளவுதான். கஸ்டமருக்கு அது சாதாரண அனவுன்ஸ்மென்ட். ஸ்டாஃபுக்குப் புரியும்."

"கவுண்டர்ல கஸ்டமரே இல்லன்னா?"

"அப்பவும்தான்."

அவளுக்கு முதல் மாடி சுடிதார் பிரிவைக் கொடுத்தார்கள். முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சரளமாகிவிட்டது. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவளை எரித்தது. எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது! திரையில் ஓர் உருவம் மடங்கும், அவள் எண்ணைச் சொல்வாள், உருவம் நிமிரும். "வாய்ஸ் நல்லா இருக்கு" என்று ராம்குமார் பாராட்டினான். அன்றைக்கு வீட்டில் அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தாள். சுயம்புலிங்கம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "எம் மவளுக்குக் கீழதான் இப்ப ஒரு மாடியே நிக்கிது" என்றார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் இரண்டாவது மாடியையும் அவள் திரையில் சேர்த்தார்கள். சேலைப் பிரிவு. அப்பாவின் மாடி. நல்லவேளையாக அப்பா உட்காரவே இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்ததும் பேச்சு நின்றுபோனது. சேலைப் பிரிவின் சிந்து மட்டும் பேசினாள். சிந்துவுக்கு ப்ரியா வயதுதான் இருக்கும், புளியந்தோப்பிலிருந்து வருகிறவள்.

"இன்னா மேடம், இங்கயும் கேமரா கீதா? நாங்க குந்தி துன்னலாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் வேலைய நான் செய்யறேன்" என்றாள் ப்ரியா.

"செய்யி, யாரு வேணான்னா? நல்லா ஸ்வீட்டாதான் பேசற. அதான் காண்டாவுது. உன் வாய்லருந்து என் நம்பரு வந்தா எங்காலு தானா எழுந்துக்குது, நாயாட்டம்." சிந்து டப்பாவை மூடினாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உங்க நைனா முன்னாடி மதியானத்துல துணிக் கட்டு மேல செத்த குந்துவாரு. நாங்க மறைச்சிக்கினு நிப்போம். நீ மேல வந்ததுலருந்து குந்தறதே இல்ல. கேட்டா, 'எம் மவ வாயால என்ன எழுப்புற நெலம அவளுக்கு வரக் கூடாதும்மா'ன்றாரு. பாவம், ஆம்பள ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

ப்ரியா சாப்பாட்டைப் பாதியில் விட்டாள். மேலே போய்த் திரையைப் பார்த்தாள். இத்தனை நாள் அப்பா நிற்கிறார் என்பதைத்தான் பார்த்திருந்தாள். எப்படி நிற்கிறார் என்று பார்க்கவில்லை. இடது காலைத் தூக்கி வலது காலின் பின்னால் தேய்த்துக்கொண்டு, மேஜை விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முழ தூரத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மகளுக்காகச் சிரித்த சிரிப்பு.

அன்றைக்கு வீட்டில் கேட்டாள். "ஏம்பா உக்கார மாட்டேங்கிற?"

"பழகுன காலுதானட்டி. நீ ஒன் சோலியப் பாரு."

"என் சோலியே அதுதானப்பா! உன்னப் பாக்கறதுதான்!"

"அதத்தான் சொல்லுதேன். நீ நல்லபடியாப் பாரு" என்றார் அவர், அவள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று நிஜமாகவே விளங்காமல். அவருக்கு இது பெருமை. தான் நின்றால்தான் மகள் உட்கார முடியும் என்கிற கணக்கு இத்தனை சுத்தமாக அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

ஆடி ஞாயிறு. பகல் முழுக்கக் கூட்டம் மாடிப்படியில் தேங்கியது. மூன்று மணி வாக்கில் சட்டென்று வடிந்து, சேலைப் பிரிவில் பிரித்துப் போட்ட சேலைகள் மட்டும் மலையாகக் கிடந்தன. ராம்குமார் அறைக்குள் வந்து ப்ரியாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுயம்புலிங்கம் ஒரு சேலையை மடித்தார். இன்னொன்றை எடுத்தார். பாதியில் கை நின்றது. பின்னால் தடவி ஸ்டூலைக் கண்டுபிடித்து, உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வதைவிட, கால் அவரை விட்டுவிட்டது என்பதே சரி.

"செகண்ட் ஃப்ளோர் பாருங்க" என்றான் ராம்குமார்.

"சார், அது எங்க அப்பா."

"தெரியும். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா உங்க அப்பாவை விட்டுட்டா நாளைக்கு மத்தவங்களை எப்படிச் சொல்வீங்க? ஃபேரா இருக்கணும் இல்லையா?"

எவ்வளவு மரியாதையான வார்த்தைகள்! இவன் ஒருமையில் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மைக் பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, உக்காந்துக்கோ. எழுந்திருக்காத. எல்லாரும் உக்காருங்க. ஸ்டூல் உங்களுக்குத்தான் போட்டிருக்காங்க. சட்டம் இருக்கு."

ஆறு மாடியிலும் அவள் குரல் ஒலித்தது.

அந்தக் குரல் கேட்ட மாத்திரத்தில் சுயம்புலிங்கம் எழுந்து நின்றார்.

என்ன சொன்னாள் என்பது அவருக்கு எட்டுவதற்குள் கால் கேட்டுவிட்டது. அவர் மட்டுமில்லை. கேஷ் கவுண்டருக்குப் பின்னால், ட்ரையல் ரூம் ஓரத்தில், படிக்கட்டடியில், எங்கெங்கோ மறைவில் குந்தியிருந்தவர்களெல்லாம் திரை திரையாக விறைத்து எழுந்தார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. அப்பா கேமராவைப் பார்க்காமல், விட்ட சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

ராம்குமார் மைக் ஒயரைப் பிடுங்கினான். "கிளம்புங்க" என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். இரண்டாவது மாடியில் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சிந்து பார்த்தாள். அவளும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், இடிபட்டுக்கொண்டே கொட்டிவாக்கத்துக்கு போன் செய்தாள். "இடம் இருக்கா மேடம்?"

"ஒரு பையன் வந்தான், நேத்து நின்னுட்டான். வெயில் ஒத்துக்கலையாம். நாளைக்கு வரீங்களா? இல்ல, மறுபடி டைம் கேப்பீங்களா?"

"வரேன்."

வெளிச்சம் இருக்கும்போதே சுயம்புலிங்கம் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவரைத் தெருவில் பார்த்து நாய் குரைத்தது. உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணாச்சி பெரிய மனசு. உன்னக் கூட்டியாந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லுதாவ. கேட்டா உனக்கு அந்தச் சேரு. கேக்காட்டி என்ன வாசலுக்கு மாத்திருவாவ. வாங்க வாங்கன்னு கும்பிடுற வேல."

"வாசல்ல ஸ்டூல் உண்டா?"

அவர் கால் மாற்றி நின்றார்.

"சொல்லுப்பா, உண்டா?"

"மானத்த வாங்கிட்டியேட்டி. ஆறு மாடியும் கேக்க அப்பாங்குத."

"நம்பர் சொல்லியிருந்தா மானம் இருந்திருக்குமா? நான் உக்கார நீ நிக்கணும், நீ நிக்கிறியான்னு நான் பாக்கணும், அதுக்குச் சம்பளம். இதுக்கா படிக்க வச்ச? நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். நாளைக்குக் கொட்டிவாக்கம் போறேன். நாளெல்லாம் நடப்பேன். என் கால் வீங்கினா வீங்கட்டும், அது நான் எடுத்த முடிவுல வீங்கும்."

"அப்ப நான் வாசல்ல நிக்கவா?"

அவள் உள்ளே போய் வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"முதல்ல இதுல உக்காரு."

சுயம்புலிங்கம் நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். பாதி இறங்கியவர் அப்படியே நின்று, தலையைத் தூக்கி, கூரையின் மூலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அங்கே ஒட்டடைதான் இருந்தது.

பிறகுதான் உட்கார்ந்தார்.